தூங்குகிற கிருமி

அப்பாவுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்த சமயம். குளிர்காய்ச்சல் வரும், ஆன்டிபயாடிக் கொடுத்தால் நாலு நாளில் விட்டுவிடும், மருந்து முடிந்த இரண்டாவது வாரம் திரும்ப வந்து நிற்கும். மூன்று முறை இப்படி. ஒவ்வொரு முறையும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அதே கிருமி, கொடுத்த மருந்துக்கு நேரே அதே 'எஸ்'. இந்த மருந்துக்கு இந்தக் கிருமி கட்டுப்படும் என்று அர்த்தம். சரி, அப்புறம் ஏன் போகவில்லை?

மருந்துக்கு அடங்காத கிருமி என்றதும் மரபணு மாறி எதிர்ப்பாற்றல் பெற்றவைதான் நினைவுக்கு வரும். அது பெரிய ஆபத்து, மறுப்பதற்கில்லை. ஆனால் எதிர்ப்பாற்றல் துளியும் இல்லாமலே தப்பிக்கிற கிருமிகளும் உண்டு.

1944-ல் ஜோசப் பிகர் என்ற அயர்லாந்து நுண்ணுயிரியலாளர் இதைக் கவனித்து எழுதினார். ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகள் மேல் பெனிசிலினை விட்டால் ஏறக்குறைய எல்லாமே செத்தன. சுமார் பத்து லட்சத்தில் ஒன்று பிழைத்தது. பிழைத்ததை வளர்த்து, அதன் வாரிசுகளுக்கும் பெனிசிலின் கொடுத்தார். எதிர்ப்பாற்றல் பரம்பரையாக இறங்கியிருந்தால் அத்தனையும் பிழைத்திருக்க வேண்டும். அவையும் செத்தன, மறுபடி ஒரு சொற்பம் மட்டும் மிஞ்சியது. மிஞ்சியவை அந்த நேரத்தில் வளராமல் அடங்கிக் கிடந்தவை என்றார் பிகர்.

வளராமல் கிடப்பது எப்படிக் காப்பாற்றும்? பாக்டீரியா வளரும்போது தன் சுவரை அங்கங்கே பிரித்து, புதுக் கல் வைத்துப் பூசி அகலப்படுத்திக்கொண்டே இருக்கும். பூச்சு வேலை பார்க்கும் நொதியில் போய் பெனிசிலின் ஒட்டிக்கொள்கிறது. பிரித்த இடம் பிரித்தபடி நிற்க, உள்ளழுத்தம் தாங்காமல் செல் வெடிக்கிறது. கட்டட வேலையே நடக்காத செல்லில் பெனிசிலின் கெடுப்பதற்கு எதுவும் இல்லை.

காசநோய் மருந்தை மாதக்கணக்கில் விழுங்கச் சொல்வதும் இதனால்தான். சுவர் வேலையைக் கெடுக்கும் ஐசோனியசிட், சுறுசுறுப்பாகப் பெருகும் கிருமிகளை முதல் சில நாட்களிலேயே பெரும்பாலும் தீர்த்துவிடும். இருமலும் சில வாரங்களில் குறையும். அவ்வப்போது கண்விழித்து மறுபடி உறங்குகிறவை மிஞ்சும். ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்து அவை விழிக்கும் நேரம் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

அப்பாவின் குழாயைக் கழற்றியபோது நர்ஸ் அதன் உள்பக்கத்தைக் காட்டினார். காலையில் பல் துலக்குமுன் நாக்கால் தடவினால் தட்டுப்படுமே, அதுபோல வழவழவென்று ஒரு படலம். கிருமிகள் தாங்களே சுரந்த பசைக்குள் அடுக்கடுக்காகக் குடியிருந்தன. அடி அடுக்குக்குச் சத்தும் ஆக்சிஜனும் சரியாகப் போகாது. அங்கே இருப்பவை சோம்பிக் கிடக்கும். மருந்து நிற்கும்வரை காத்திருந்து, மெல்லப் பெருகிச் சிறுநீரில் இறங்கும். பரிசோதனைக்கூடத்திலோ அதே கிருமியை நல்ல ஊட்டத்தில் வளர்த்துத்தான் மருந்தைச் சோதிக்கிறார்கள். 'எஸ்' என்று வந்தது விழித்திருந்த கிருமிக்கு.

புதுக் குழாய் போட்டு அதே மருந்தை மறுபடி கொடுத்தார்கள். காய்ச்சல் அதோடு நின்றது.