பாதிப்பு வேறு, மனந்திறத்தல் வேறு

திருகோணமலை உவர்மலையில் நடந்த பயிற்சி ஒன்றில் ‘பாதிக்கப்படக்கூடிய தன்மை’ என்ற சொல் மறுபடியும் காதில் விழுந்தது. மாதர் சங்கப் பெண்கள் வட்டமாக இருந்தார்கள். “ஒருவரையொருவர் நம்புவதென்றால், முதலில் எங்கள் பாதிக்கப்படக்கூடிய தன்மையைப் பகிர வேண்டும்” என்றார் வளவாளர். சாம்பல்தீவு அக்கா ஒருவர் கையை உயர்த்தினார்: “தம்பி, இந்த முறை வெள்ளத்தால எனக்குப் பாதிப்பு ஒண்டும் இல்லை. நான் என்ன சொல்லுறது?”

அக்கா கேட்டது சரி. பிழை மொழிபெயர்ப்பில். காயப்படலாம் என்று தெரிந்தும் மனத்தில் உள்ளதை இன்னொருவரிடம் காட்டுவதை ஆங்கிலத்தில் வல்னரபிலிட்டி என்பார்கள்; வளவாளர் சொல்ல வந்தது அதைத்தான்.

அந்த ஆங்கிலச் சொல்லின் வேர், காயத்தைக் குறிக்கும் வுல்னுஸ் என்ற இலத்தீன் சொல். அனர்த்த முகாமைத்துவத்தில் அதைப் ‘பாதிக்கப்படக்கூடிய’ என்று எழுதலாம். போரும் 2004 சுனாமியும் கண்ட திருகோணமலையில் ‘பாதிப்பு’ என்றதும் படிவமும் பதிவும்தான் நினைவுக்கு வரும். அதே சொல்லைத் தூக்கி மனத்தின் மேல் வைக்கலாமா?

‘பாதிக்கப்படு’ செயப்பாட்டு வினை. கடல் அடிக்கிறது, நாங்கள் படுகிறோம். ஒருத்தி தன் கடனைப் பத்துப் பேர் முன்னால் சொல்வதோ அவளே எடுக்கும் முடிவு. அந்தத் துணிவை இந்தச் சொல் அப்படியே விழுங்கிவிடுகிறது. சிலர் எழுதும் ‘பலவீனத்தைக் காட்டுதல்’ இன்னும் மோசம். பலவீனமானவள் என்று முத்திரை குத்திவிட்டுப் பேசச் சொன்னால் யார் வாய் திறப்பாள்?

எங்களிடம் ‘மனந்திறத்தல்’ இருக்கிறது. பேச்சில் ‘மனம் விட்டுக் கதைக்கிறது’. கதவைக் கொஞ்சம் நீக்கிப் பார்க்கலாம், ஆள் சரியில்லை என்றால் சாத்தலாம். உளவியலாளர் ஆர்தர் ஆரோனும் சகாக்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவர் 36 கேள்விகளுக்கு மாறி மாறிப் பதில் சொன்னார்கள். கேள்விகள் போகப் போக அந்தரங்கமாகும். மேலோட்டமாகப் பேசிய சோடிகளைவிட இவர்களுக்குள் நெருக்கம் கூடியிருந்தது. படிப்படியாக, இரு பக்கமும் திறப்பது என்பது இதுதான்.

‘மனந்திறத்தலில் ஆபத்துத் தொனிக்கவில்லையே’ என்று மொழிபெயர்ப்பாளர்கள் சொல்வார்கள். திறந்த கதவால் கள்ளனும் வருவான் என்பது யாருக்குத் தெரியாது? அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டுகிறவர்கள், அந்தச் சொல்லை ஒரு தடவையாவது ஒரு மனிசியிடம் சொல்லிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் கோபம். தொல்காப்பியம் ‘நம்பும் மேவும் நசையாகும்மே’ என்கிறது: ‘நம்பு’வுக்கு அன்று விருப்பம் என்பது பொருள். நம்பிக்கைக்குள் இவ்வளவு நெருக்கத்தை வைத்திருந்த மொழிக்கு இந்தக் கடன் எதற்கு?

தேத்தண்ணி நேரத்தில் அதே அக்கா, சீட்டுக்காசு கட்டக் காப்பை அடகு வைத்த கதையைத் தானாகவே சொன்னார். பக்கத்தில் இருந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார். “என்ரையும் அங்கதான் அக்கா கிடக்கு.”