கூன் முதுகால் இதயம் கெடுமா?

காசிமேடு துறைமுகத்தில் காலை ஏலம் அடங்கிய பிறகு போனால் வலை சரிசெய்பவர்களைப் பார்க்கலாம். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியால் கிழிசலைப் பின்னிக்கொண்டே போவார்கள். கண் வலையை விட்டு நகராது. கழுத்து முன்னால் நீண்டு, தோள் உள்ளே மடங்கி, மேல் முதுகு வளைந்தபடி மணிக்கணக்கில் வேலை நடக்கும். அவர்களில் ஒரு பெரியவருக்கு அவர் பேரன் போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறான். “இப்படிக் குந்திகினே இருந்தா மாரடைப்பு வருமாமே தம்பி, நெசமா?” என்று கேட்டார்.

குனிந்து உட்காருவதால் மட்டும் மாரடைப்பு வராது. ஆனால் முதுகுக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அந்தச் சம்பந்தம் வீடியோக்காரர்கள் காட்டும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் எது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். முதுகெலும்பில் மொத்தம் 33 முள்ளெலும்புகள். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. மீதி அடியில் ஒன்றோடொன்று இணைந்து போனவை. மார்புப் பகுதியில் உள்ள 12 எலும்புகளிலிருந்தும் இரண்டு பக்கமும் விலா எலும்புகள் கிளம்பி முன்னால் வளைகின்றன. அந்தக் கூட்டுக்குள், நெஞ்செலும்புக்குப் பின்னால் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தபடி இதயம் இருக்கிறது. மேல் முதுகு இயல்பிலேயே பின்பக்கம் வளைந்ததுதான். 20 முதல் 40 டிகிரி வரை வளைவு இருப்பது நார்மல். ‘நேரா உக்காரு’ என்று பிள்ளைகளை அதட்டுகிறோமே, அந்த நேர்க்கோட்டு முதுகு யாருக்கும் கிடையாது.

இதயம் உட்கார்ந்திருக்கும் இடம் உதரவிதானம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் அகலமான தசை அது. இதயத்தைச் சுற்றியுள்ள உறை இந்தத் தசையின் நடுப்பகுதியோடு ஒட்டியே இருக்கிறது. அதனால் ஒவ்வொரு மூச்சுக்கும் இதயமும் சற்றே இறங்கி ஏறுகிறது. காலிலிருந்தும் வயிற்றிலிருந்தும் அழுக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய சிரை இதே உதரவிதானத்தில் உள்ள ஒரு துவாரத்தின் வழியாகத்தான் மேலே ஏறி இதயத்துக்குப் போகிறது.

மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது. நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது, வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. கீழே நெருக்கி, மேலே உறிஞ்சும் இந்த வித்தியாசத்தால் ரத்தம் இதயத்தை நோக்கி ஏறுகிறது. வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் அடிபம்பு அடித்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கைப்பிடியை முழுசாக ஏற்றி இறக்கினால் குடம் சீக்கிரம் நிறையும். அரைகுறையாக ஆட்டினால் தண்ணீர் சொட்டும், கைதான் வலிக்கும்.

வளைந்து உட்கார்ந்தால் நடப்பது இந்த அரைகுறை அடிதான். விலாக்கள் ஒன்றோடொன்று நெருங்குகின்றன. வயிறு மேல்நோக்கி அழுத்துகிறது. உதரவிதானம் இறங்க இடமில்லை. இப்போதே செய்து பார்க்கலாம்: தோளை மடக்கி, தாடையை மார்போடு சேர்த்து, முடிந்தவரை மூச்சை இழுங்கள். அப்புறம் நிமிர்ந்து இழுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். ஆட்களைக் குனிந்தும் நிமிர்ந்தும் உட்கார வைத்து ஊதச் சொல்லி, 2006இல் வெளியான ஓர் ஆய்வில் இதை அளந்தே பார்த்தார்கள். சரிந்து உட்கார்ந்தபோது நுரையீரலின் கொள்ளளவும் மூச்சு வெளியேறும் வேகமும் குறைந்தன.

சரி, மூச்சு குறைந்தால் இதயம் கெட்டுவிடுமா? ஆரோக்கியமான இதயம் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. ஓடும்போது அதையே மூன்று நான்கு மடங்காக்கும் தெம்பு அதற்கு உண்டு. கையிருப்பு இவ்வளவு இருக்கும்போது வலை பின்னக் குனிவதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

பலவீனமான இதயத்தின் கதை வேறு. இதயச் செயலிழப்பு, அதாவது ரத்தத்தைப் போதிய அளவு தள்ள முடியாத நிலை, உள்ள சிலருக்கு, குனிந்த அரை நிமிடத்துக்குள் மூச்சு வாங்கும். செருப்பு வார் மாட்டும்போது, வாசலில் கோலம் போடும்போது, கீழே விழுந்த சாவியை எடுக்கும்போது இது தெரியவரும். குனிந்தால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஏற்கெனவே ரத்தம் தேங்கிக் கிடக்கும் இதயத்தால் அதைத் தாங்க முடிவதில்லை. 2014இல்தான் அமெரிக்க மருத்துவர்கள் இதைத் தனி அறிகுறியாகப் பெயரிட்டு எழுதினார்கள். அந்த ஆய்வில் இதயச் செயலிழப்பு நோயாளிகள் 102 பேரில் நான்கில் ஒருவருக்கும் மேலாக இது இருந்தது. ‘தொப்பை இடிக்குது, அதான்’ என்று நாம் சிரித்துக்கொண்டே தள்ளிவிடுகிற விஷயம் இது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு மூன்று தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்பதும் இதே வகைதான். இப்படி இருந்தால், கால் வீக்கமும் சேர்ந்திருந்தால், மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடக் கூடாது.

முதுகு வளைவே நேரடியாக இதயத்தைத் தாக்கும் நிலையும் உண்டு. பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு வளையும் ஸ்கோலியோசிஸ் கடுமையாகி, வளைவு 100 டிகிரியைத் தாண்டும்போது நெஞ்சுக்கூடே கோணிப்போகிறது. நுரையீரல் விரிய இடமில்லாமல், அதன் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைத்துவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் போகாது, ஆனால் வளரும் வயதில் கண்டுபிடிப்பது நல்லது. பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளையை, கால்களைச் சேர்த்து முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் ஒன்று உண்டு. மேல் முதுகில் இருக்க வேண்டிய வளைவே இல்லாமல் தட்டையாக இருந்தால், நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் இடம் குறைந்து இதயம் லேசாக நசுங்கும். ஸ்டெதாஸ்கோப்பில் இரைச்சல் கேட்கும், எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரியும், ஆனால் பலருக்கு இதயத்தில் கோளாறு ஒன்றும் இருக்காது. 1960இல் இதைப் போலி இதய நோய் என்றே விவரித்தார்கள்.

வீடியோக்காரர்கள் வழக்கமாகக் காட்டும் ஆதாரம் வயதானவர்களின் கூன். கலிஃபோர்னியாவில் ராஞ்சோ பெர்னார்டோ என்ற ஊரில் 1,353 முதியவர்களை மல்லாக்கப் படுக்க வைத்து, தலை தரைக்கு இணையாக நிற்க எத்தனை கட்டைகளை அடியில் செருக வேண்டியிருக்கிறது என்று பார்த்தார்கள். ஒவ்வொரு கட்டையும் 1.7 சென்டிமீட்டர் உயரம். கட்டை தேவைப்பட்டவர்களிடையே இறப்பு விகிதம் 1.44 மடங்காக இருந்தது. குறிப்பாக, ரத்தக் குழாய் தடிப்பு சார்ந்த இறப்புகள் கூடுதல். இது 2004இல் வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்து பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வில், 20 ஆண்டுகளில் 3 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் குறைந்த ஆண்களுக்கு இதய நோயும் இறப்பும் அதிகம் என்று தெரிந்தது.

எண்கள் சரிதான். ஆனால் கூன் ஏன் விழுகிறது? எலும்பு தேய்ந்து, முள்ளெலும்பு நசுங்கி, முதுகுத் தசை இளைத்து. அவற்றுக்குப் பின்னால் புகை, முதுமை, நடமாட்டமின்மை எல்லாம் இருக்கின்றன. இதே கூட்டம்தான் ரத்தக் குழாயையும் கெடுக்கிறது. ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு இவற்றை முடிந்தவரை கழித்துப் பார்க்கிறார்கள், ஆனாலும் முழுசாகக் கழித்துவிட முடியாது. என் பார்வையில் கூன் குற்றவாளி அல்ல, சாட்சி. தாத்தாவின் வேட்டி நுனி திடீரென்று தரையில் இழுபட ஆரம்பித்தால், நிமிர்ந்து நடக்கச் சொல்லி அவரைத் திட்டுவதற்குப் பதில், எலும்பையும் பிரஷரையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

காரணத்தையும் அடையாளத்தையும் குழப்பிக்கொள்வது எவ்வளவு சுலபம் என்பதற்கு லண்டன் பேருந்துக் கதை பிரசித்தம். 1953இல் ஜெரி மாரிஸும் அவருடைய குழுவும், உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களுக்கு, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கும் நடத்துநர்களைவிட மாரடைப்பு அதிகம் என்று காட்டினார்கள். அசைவு இதயத்தைக் காக்கும் என்ற எண்ணத்துக்கு அதுதான் பெரிய தொடக்கம். ஆனால் அதே குழு மூன்று வருடம் கழித்துச் சீருடை அளவுகளைத் தோண்டியபோது, ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பு ஆரம்பத்திலிருந்தே பெரிசு என்று தெரிந்தது! வேலைக்குச் சேரும்போதே இரண்டும் வேறு வேறு உடல்கள். இருந்தாலும், பிறகு வந்த ஏராளமான ஆய்வுகள் அசைவின் பக்கமே நின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர் எவ்வளவு அழகாக நிமிர்ந்து உட்கார்ந்தாலும், கால் அசையாவிட்டால் ஆடுசதை ரத்தத்தை மேலே தள்ளாது, சர்க்கரையும் தசைக்குள் சரியாகப் போகாது.

இன்னொரு பக்கம் வடசென்னையின் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடங்களைப் பாருங்கள். அங்கே சொல்லிக்கொடுப்பதே தாடையை உள்ளே இழுத்து, தோளைக் குறுக்கி, முதுகை வளைத்து நிற்கத்தான். வீடியோவின் கணக்குப்படி அந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் இதய நோய் வந்திருக்க வேண்டும். ஸ்கிப்பிங் கயிறும் ஓட்டமுமாக அவர்கள் இதயத்துக்குக் கிடைக்கும் பயிற்சி, நிமிர்ந்து உட்கார்ந்து டிவி பார்ப்பவர்களுக்குக் கிடைக்காது.

முதுகெலும்பை ‘சரி செய்து’ பிரஷரைக் குறைப்பதாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 2007இல் அமெரிக்காவில் கழுத்தின் முதல் எலும்பை மட்டும் சீர்செய்து பார்த்த சிறு ஆய்வில் பிரஷரின் மேல் அளவு (120/80 என்றால் அந்த 120) சராசரியாக 17 புள்ளி குறைந்தது உண்மை. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 50 பேர், காலம் 8 வாரம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. சலூனில் ஷேவிங் முடிந்ததும் தலையைப் பிடித்துப் படக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுப்பார்களே, அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்தெலும்பு வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

உட்காரும் விதம் நிச்சயமாகக் கணக்கில் வரும் ஓர் இடம் உண்டு: பிரஷர் பார்க்கும் இடம். முதுகுக்குச் சாய்மானம் இல்லாவிட்டால் கீழ் அளவு 6 புள்ளி வரை ஏறலாம். கால் மேல் கால் போட்டால் மேல் அளவு 2 முதல் 8 வரை ஏறும். கை இதயத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் ஏறக்குறைய 8 புள்ளி கூடும். இது ரத்தத்தின் எடையால் வருகிற கணக்கு, பெரிய மர்மம் இல்லை. 2024இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 133 பேரை வைத்துச் சோதித்தபோது, கையை மடியில் வைத்திருந்தவர்களுக்கு மேல் அளவு சுமார் 4 புள்ளியும், தொங்கவிட்டவர்களுக்கு 6 புள்ளிக்கு மேலும் கூடுதலாகக் காட்டியது.

நம்மூரில் எப்படிப் பார்க்கிறோம்? கூட்டமான கிளினிக்கில் முதுகு சாயாத ஸ்டூல், கால் அந்தரத்தில், பக்கத்தில் நிற்பவரோடு பேச்சு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து பார்க்கும்போது, பலர் தரையில் சம்மணம் போட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் 136 இருப்பவருக்கு மெஷின் 144 காட்டினால், தேவையில்லாத மாத்திரை வீடு தேடி வந்துவிடும். அடுத்த முறை அக்கா வரும்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு முதுகைச் சாய்த்து உட்காருங்கள். பாதம் தரையில் பதியட்டும். பக்கத்தில் தண்ணீர் டிரம்மோ மேஜையோ எதிலாவது கையை நெஞ்சு உயரத்தில் வையுங்கள். 5 நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீயோ பீடியோ வேண்டாம்.

கடைசியாக நெஞ்சு வலி. குனிந்தே வேலை செய்பவர்களுக்கு விலாவும் முதுகும் சேருமிடத்தில் பிடிப்பு வந்து, வலி முன்பக்கம் ஊசி குத்துவது மாதிரி வரும். அந்த இடத்தை அழுத்தினாலும் உடம்பைத் திருப்பினாலும் கூடும். இதய உறை அழற்சியிலோ முன்னால் சாய்ந்தால் வலி குறையும், படுத்தால் கூடும். மாரடைப்பு வலி பெரும்பாலும் நெஞ்சின் நடுவில் பாரமாக அழுத்தி, தாடைக்கோ கைக்கோ இரண்டு தோள்பட்டைக்கு நடுவிலோ பரவி, வியர்த்துக் கொட்டும். சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலி அவ்வளவாக இல்லாமல் வெறும் மூச்சிரைப்பும் களைப்புமாகக்கூட வரலாம். இந்த வித்தியாசங்களை வைத்து வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லக் கூடாது. வாய்வு என்று கோலி சோடா குடித்து, முதுகைத் தடவிவிட்டுக் காத்திருப்பதில்தான் நம் பக்கத்தில் நேரம் போகிறது. 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியோ அங்கே போங்கள். நெஞ்சு வலியோடு போனால் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி. முதல் ஈசிஜி நார்மல் என்றால்கூட உடனே கிளம்பிவிட வேண்டாம். சில மாரடைப்புகள் முதல் தாளில் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஈசிஜியும், டிரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் எடுத்த பிறகுதான் மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியும்.