ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் சாம்பல்?

சென்னையில் எந்த வண்டி எங்கே ஓடினாலும் அதை ஓட்டும் ஆற்றலில் பெரும்பங்கு வடசென்னையைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. பெட்ரோல், டீசல் என்றால் மணலி சுத்திகரிப்பு ஆலை. ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் அதற்கு உண்டு. மின்சாரம் என்றால் அத்திப்பட்டும் வல்லூரும். வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் சேர்ந்து 1,830 மெகாவாட், பக்கத்திலேயே வல்லூர் 1,500 மெகாவாட். எல்லாம் நிலக்கரி.

மின்சார வண்டியின் பின்னால் புகை வராது என்பது உண்மை. அடையாறிலோ அண்ணா நகரிலோ அது ஓடும்போது அந்தத் தெருவின் காற்று நிச்சயம் சுத்தமாகிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டிக்கான கரி எரிவது எண்ணூர் பக்கம். எனவே 'மைலேஜ் எவ்வளவு?' என்று கேட்கும்போது 'எத்தனை கிராம் சாம்பல்?' என்றும் சேர்த்துக் கேட்டால் கணக்கு இன்னும் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு யூனிட். ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கப் பகுதியில் வெட்டிய கரி ரயிலில் பாரதீப் போய், கப்பலேறி, எண்ணூரில் 2001-இல் திறக்கப்பட்ட காமராஜர் துறைமுகத்தில் இறங்குகிறது. அங்கிருந்து மின் நிலையத்தின் கொதிகலனுக்கு. கரியில் இருக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மின்சாரமாக மாறும். மிச்சமெல்லாம் நீராவியைக் குளிர்விக்கும் தண்ணீரிலும் புகைபோக்கி வழியாகவும் போய்விடும். ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய 650 முதல் 700 கிராம் வரை கரி எரிய வேண்டும். நம் நாட்டுக் கரியில் எரியாத மண், கல் சமாச்சாரம் மட்டுமே 35 விழுக்காட்டைத் தாண்டும். ஆக ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய கால் கிலோ சாம்பல்.

அந்தச் சாம்பலில் பெரும்பகுதியைப் புகைபோக்கிக்குப் போகும் முன்பே மின்புலத்தால் இழுத்துப் பிடித்துவிடுகிறார்கள். ஒரு பங்கு சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. மீதி தண்ணீரில் கரைக்கப்பட்டுக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்குப் போகிறது. அந்தக் குழாய்கள் பல ஆண்டுகளாகக் கழிமுகத்தில் ஒழுகியதும், கொசஸ்தலையாற்றின் படுகையில் சாம்பல் படிந்து இறாலும் நண்டும் குறைந்ததும் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செப்பாக்கத்தில் சாம்பல் குட்டையை ஒட்டியே வீடுகள் இருக்கின்றன. காற்று அடித்தால் திண்ணையில் படியும். பெட்ரோலும் சளைத்ததல்ல: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர் வரை பரவி, படகையும் வலையையும் கறுப்பாக்கிவிட்டுப் போனது.

சரி, அந்த ஒரு யூனிட் வண்டியில் ஏறிய பிறகு என்ன ஆகிறது?

சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும் பொருளை அப்படியே போகவிட, அடிப்படையில், எந்த ஆற்றலும் வேண்டாம். நியூட்டனின் முதல் விதி அதுதான். எரிபொருள் செலவாவது தடுப்பவற்றை வெல்வதற்கு: சக்கரம் உருள்வதில் வரும் எதிர்ப்பு, காற்று, அப்புறம் நாமே போடும் பிரேக். நெடுஞ்சாலையில் காற்றுதான் பெரிய செலவாளி. தண்டையார்பேட்டை நெரிசலில் யாரும் அந்த வேகத்தைத் தொடுவதில்லை என்பதால் காற்றை விட்டுவிடலாம்.

உருளும் எதிர்ப்பைப் பார்ப்போம். ரப்பர் டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்குகிறது, சுழன்று மேலே வந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நசுக்கக் கொடுத்த ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை, ஒரு பங்கை வெப்பமாக வைத்துக்கொள்கிறது. நெடுந்தூரம் ஓடி வந்த லாரியின் டயர் கை வைக்க முடியாமல் சுடுவது இதனால்தான். காற்று குறைந்த சைக்கிளை மிதித்தவர்களுக்கு இது காலிலேயே தெரியும்: நசுங்கல் கூடினால் எதிர்ப்பும் கூடும். ரயில் சக்கரமோ எஃகு, தண்டவாளமும் எஃகு. அத்தனை டன் எடையிலும் அவை தொடும் இடம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. நசுங்கல் மிகக் குறைவு. ஒரு டன் எடையை உருட்டிக்கொண்டே போக பேருந்து டயருக்கு 6 முதல் 10 கிலோ இழுவிசை வேண்டும், ரயில் சக்கரத்துக்கு ஒன்றிரண்டு கிலோ போதும்.

1856-இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியபோதும் இந்த இயற்பியல்தான் அதை இழுத்துச் சென்றது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் நீட்டிக்கப்பட்ட 9 கிலோமீட்டர் மெட்ரோவிலும் அதுவே. பயணிகளோடு ஒரு மெட்ரோ ரயில் 200 டன் என்று வைத்துக்கொண்டால், உருளும் எதிர்ப்பை வெல்ல மட்டும் கிலோமீட்டருக்கு 0.8 யூனிட் சொச்சம் ஆகும். அதே 200 டன்னை டயரில் உருட்டினால் நான்கு யூனிட்டைத் தாண்டும். ஆயிரம் பேருக்கு மேல் ஏறும் வண்டி அது என்பதையும் நினைவில் வையுங்கள். சுரங்க நிலையங்களின் குளிர்சாதனமும் காற்றோட்டமும் தனிச் செலவு, அதை மறைக்கக் கூடாது. தண்டையார்பேட்டையைத் தாண்டியதும் பாதை மேலே ஏறிவிடுவதால் அந்தச் செலவு அங்கே குறைகிறது.

உண்மையில் நகரத்துக்குள் ஆற்றலை அதிகம் விழுங்குவது பிரேக்தான். ஓடும் வண்டியிடம் இருக்கும் இயக்க ஆற்றல் எடைக்கு ஏற்பவும், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். 16 டன் பேருந்து ஒன்று 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அதனிடம் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலான ஆற்றல் இருக்கிறது. மூலக்கடை சிக்னலில் சிவப்பு விழுந்து டிரைவர் பிரேக்கை அழுத்தினால் அது அத்தனையும் டிரம்மில் சூடாகிக் காற்றில் கலந்துவிடும். பச்சை விழுந்ததும் முதலிலிருந்து திரும்பச் சேர்க்க வேண்டும். நம் அளவையில் சொன்னால், ஒரு சிக்னலுக்கு 70 கிராம் சாம்பல்.

மின்சார வண்டி வித்தியாசப்படுவது இந்த இடத்தில்தான், பேட்டரி என்பதற்காக அல்ல. மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே பொருள். மின்சாரம் கொடுத்தால் சுழலும், சுழற்றினால் மின்சாரம் கொடுக்கும். காந்தப்புலம் மாறும்போது கம்பிச் சுருளில் மின்சாரம் பிறப்பதை ஃபாரடே 1831-இல் கண்டார். அப்படிப் பிறக்கும் மின்சாரம் தன்னைப் பிறப்பிக்கும் அசைவையே எதிர்க்கும் என்பதை அடுத்த சில ஆண்டுகளில் லென்ஸ் விதியாக்கினார். டிரைவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறார், சக்கரம் மோட்டாரைச் சுழற்றத் தொடங்குகிறது, மின்சாரம் பிறக்கிறது, அந்தப் பிறப்பே சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக் போட்டதும் ஆயிற்று, பேட்டரி ஏறியதும் ஆயிற்று. ஃபாரடேயின் இரும்பு வளையத்தில் தொடங்கியது இன்று வியாசர்பாடியில் பேருந்தை நிறுத்துகிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

முழுவதும் திரும்பி வராது. மோட்டாரில் கொஞ்சம், மின்னணுச் சுற்றில் கொஞ்சம், பேட்டரிக்குள் போகும்போதும் வரும்போதும் கொஞ்சம் என்று குறைந்து, பாதி அல்லது அதைவிடச் சற்று மேலே மீளும். பேட்டரி நிறைந்திருந்தால் வாங்கிக்கொள்ளாது. வண்டி ஏறக்குறைய நின்றுவிடும் வேகத்தில் எதிர்ப்பு போதாது, அங்கே பழைய பிரேக்தான். ஆனாலும் பிரேக் பட்டை தேய்வது குறைகிறது, அந்தத் தேய்மானத் தூளைச் சாலையோரம் நிற்பவர்கள் சுவாசிப்பதும் குறைகிறது. மெட்ரோவுக்கு இன்னொரு வசதி உண்டு: பேட்டரி வேண்டாம். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 200 டன் ரயில் நிற்கும்போது 13 யூனிட்டுக்கு மேல் ஆற்றல் இருக்கிறது. அதில் மீட்டதை மேலே செல்லும் 25,000 வோல்ட் கம்பியில் திருப்பி விட்டால், அந்த நேரத்தில் வேறொரு நிலையத்திலிருந்து கிளம்பும் ரயில் அதை எடுத்துக்கொள்ளும்.

இனி கிராம் கணக்கு. மின்சார ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 0.03 யூனிட், அதாவது 7 அல்லது 8 கிராம் சாம்பல். மின்சாரக் கார் 0.15 யூனிட், 37 கிராம், அதில் பெரும்பாலும் ஒரே ஒருவர். குளிர்சாதன மின்சாரப் பேருந்து 1.2 யூனிட், 300 கிராம். அதில் 50 பேர் இருந்தால் தலைக்கு 6 கிராம், 10 பேர் என்றால் 30. தமிழகத்தில் காற்றாலை, சூரிய ஒளி, அணு மின்சாரமும் கலந்து வருவதால் எல்லா யூனிட்டும் கரியிலிருந்து வருவதில்லை, இவை கரி மின்சாரத்துக்கான மேல்வரம்பு. ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறாது. ஆகவே பேருந்து சிக்கனமானது என்பது பாதி உண்மைதான். ஆள் ஏறிய பேருந்துதான் சிக்கனமானது. அரை மணி காத்திருந்தாலும் வண்டி வராத தடத்தில் யாரும் பேருந்தை நம்பமாட்டார்கள், நம்பாதபோது அது காலியாக ஓடும். நேரத்துக்கு வருவதும் ஒரு ஆற்றல் சேமிப்பு முறை என்று போக்குவரத்துத் திட்டம் போடுபவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெட்ரோல் காரின் கணக்கு இன்னும் வருத்தமானது. நூறு ரூபாய்க்கு பெட்ரோல் போட்டால் எஞ்சின் சூட்டில் 75 ரூபாய் போகும். மிச்சம் 25 ரூபாய் ஒரு டன் காரையும் 65 கிலோ ஆளையும் சேர்த்து நகர்த்தும். அதில் அந்த ஆளுக்கான பங்கு ஒன்றரை ரூபாய்.

நாம் போகும் தூரத்தோடு முடியவில்லை, நாம் வாங்கும் பொருளும் பயணம் செய்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் வரிசைகட்டி நிற்பதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். எஞ்சினை அணைக்காமல் நிற்கும் ஒரு லாரி மணிக்கு இரண்டு லிட்டருக்கு மேல் டீசல் குடிக்கும், ஓர் அடிகூட நகராமல். அந்தப் புகை திருவொற்றியூர் பிள்ளைகளின் மூச்சில் போகிறது. துணியோ பொம்மையோ செல்போனோ தேவைக்கு மேல் ஒன்று வாங்கும்போது அந்த வரிசை அவ்வளவு நீளும் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பொருள்கள் இப்படித்தான் வர வேண்டும் என்றும் இல்லை. பக்கிங்காம் கால்வாயில் ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகில் வந்தன. தண்ணீரில் வேகத்தைப் பாதியாக்கினால் எதிர்ப்பு கால் பங்காகக் குறையும், அதனால் மெதுவாகப் போகும் படகில் டன் கணக்கான சுமையைச் சில ஆட்களே இழுத்துவிடலாம்.

வீட்டில் மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். மாலை 6 மணிக்கு மேல் சூரிய மின்சாரம் நின்றுவிடும், வீட்டு உபயோகமோ ஏறும், அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய சுமை பெரும்பாலும் அனல் மின் நிலையங்கள் மேல் விழும். வேலைக்குப் போய் வந்ததும் ஏழு மணிக்குப் பிளக்கைச் சொருகுவது சாம்பல் அதிகமான நேரத்தில் சொருகுவது. முடிந்தவர்கள் பகலில், வேலை செய்யும் இடத்திலேயே ஏற்றிக்கொள்ளலாம். பேருந்துக்கும் இது பொருந்தும். 2025 ஜூன் மாத இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. காலைக் கூட்டம் முடிந்து மாலைக் கூட்டம் தொடங்கும் வரை சில வண்டிகளுக்கு ஓய்வு கொடுக்க முடியும், வெயில் உச்சத்தில் இருப்பதும் அந்த நேரத்தில்தான். இரவில் ஏற்றுவதில் ஒரு பங்கை 12 மணிக்கும் 3 மணிக்கும் இடையே நகர்த்தினால், அதே பேருந்து அதே தூரம் ஓடும், கொதிகலனுக்குள் அவ்வளவு கரி குறையும்.