ஓப்பாவை 'நிலா மீன்' என்னாதீர்கள்

ஆவணப்படத்தின் தமிழ்க் குரல் மறுபடியும் 'நிலா மீன்' என்றது. திரையில் வண்டிச் சக்கரம்போன்ற ஒரு மீன். உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள். செக்கச்சிவந்த செட்டைகளை அடித்துக்கொண்டு போனது. பக்கத்தில் இருந்த அக்கா மகள், "மாமா, போன வாரம் வாலே இல்லாத ஒன்றைக் காட்டினார்களே, அதுவும் நிலா மீன்தானே?" என்றாள். பிள்ளை மேல் தவறில்லை.

நாங்கள் அப்போது பார்த்த அந்தச் செட்டை சிவந்த மீன்தான் ஓப்பா. மேற்கு ஆப்பிரிக்கச் சொல். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ஏறியது. அறிவியல் பெயரான 'லாம்ப்ரிஸ்', ஒளிர்வது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லில் பிறந்தது.

ஆங்கிலத்தில் இதை மூன்ஃபிஷ் என்றும் சொல்வார்கள். அந்தப் பெயரோ வேறு சில தட்டை மீன்களுக்கும் பொது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஸ்பானியத்திலும் 'நிலா மீன்' என்றால் வாலில்லாத மோலா. அதே மோலா ஆங்கிலத்தில் 'சூரிய மீன்'! இந்தக் குழப்பத்தை அப்படியே தமிழில் இறக்கிவிட்டு, "தூய தமிழ்தானே" என்கிறார்கள். எழுத்து தமிழ், பார்வை இரவல். வட்டமானதெல்லாம் நிலா என்றால் வாவல் மீனும் நிலாதான்.

நம் கடற்கரையில் இப்படியா பெயர் வைத்தார்கள்? தலை இருபுறமும் கொம்பாக நீண்டதால் கொம்பன் சுறா. முதுகில் தோகை விரிவதால் மயில் மீன். ஓப்பாவில் கண்ணைப் பறிப்பவை அந்தச் சிவந்த செட்டைகள். அது நீந்துவதே மார்புச் செட்டைகளைச் சிறகாக அடித்துத்தான். அந்தத் தசையில் பிறக்கும் வெப்பத்தைச் செவுளின் இரத்தக்குழாய்ப் பின்னல் வீணாக்காமல் காக்கிறது. இதயம் உட்பட முழு உடலும் சுற்றியுள்ள நீரைவிடச் சூடாக இருக்கிறது. 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள்.

ஆகவே என் சொல் செஞ்செட்டை. துடுப்பு என்றால் படகின் நினைவும் வரும். செட்டையோ மீனுக்கும் பறவைக்கும் உரியது. சங்கராவுக்கும் சிவந்த செட்டைதானே என்பார்கள். சங்கராவுக்கு மேலெல்லாம் சிவப்பு.

ஒரே இனம் என்று நினைத்திருந்த புள்ளி ஓப்பாவை 2018இல் பல இனங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் பெரிய கண்ணுள்ளதைப் பெருங்கண் செஞ்செட்டை என்று தயங்காமல் எழுதலாம். புதுச்சொல் வேண்டாம் என்பவர்கள் ஓப்பா என்றே எழுதட்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. நிலா மட்டும் வேண்டாம்.