கிராண்ட் கேன்யனை அகலமாக்குவது குளிர்காலம்

ஜனவரியில் லாஸ் வேகஸில் வண்டியை எடுத்தால் கிராண்ட் கேன்யனின் தென்விளிம்புக்குச் சுமார் 450 கிலோமீட்டர். கிங்மன் ஊர் வரைக்கும் மொஹாவே பாலைவனம். வெட்டவெளி, குத்துச்செடிகள், அங்கங்கே யோசுவா மரங்கள். அப்புறம் சாலை மேடேறுகிறது. ஜூனிப்பர் மரங்கள் தலைகாட்டுகின்றன. வில்லியம்ஸ் என்ற ஊர் வந்ததும் நெடுநெடுவென்று பைன் மரங்கள், சாலையோரம் பனி. இத்தனைக்கும் தென்விளிம்பு, லாஸ் வேகஸைவிடச் சற்றுத் தெற்கே இருக்கிறது! மாறியது உயரம்தான். 600 மீட்டரில் கிளம்பியவர்கள் 2,100 மீட்டருக்கு வந்துவிட்டோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று சராசரியாக 6.5 டிகிரி குளிரும்.

இந்தக் குளிருக்கும் பள்ளத்தாக்குக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கேன்யனை வெட்டியது கொலராடோ ஆறு என்றுதான் படித்திருப்போம். அது பாதிக் கதை. பீடபூமி உயர்ந்து நின்றதால் ஆற்றுக்குச் சரிவும் வேகமும் கிடைத்தன. மணலையும் கூழாங்கல்லையும் உருட்டிக்கொண்டு ஓடி, கடந்த 50, 60 லட்சம் ஆண்டுகளில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் கீழே அறுத்துவிட்டது. ஆனால் ஆற்றின் அகலம் சராசரியாக 90 மீட்டர்தான். பள்ளத்தாக்கோ சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம். ஆறு மட்டுமே வேலை செய்திருந்தால் இங்கே ஒடுக்கமான ஒரு பிளவுதான் இருந்திருக்கும்.

ஆழம் ஆற்றின் வேலை என்றால், அகலத்தில் பெரும்பங்கு பனிக்கும் மழைக்கும் புவியீர்ப்புக்கும் உரியது. தென்விளிம்பில் ஜனவரிப் பகல் 5 டிகிரியை ஒட்டி இருக்கும். இரவில் மைனஸ் 8 வரை இறங்கும். பகலில் உருகும் பனிநீர் பாறை விரிசலுக்குள் கசிகிறது, இரவில் உறைகிறது. உறையும்போது தண்ணீரின் பருமன் 9 சதவீதம் கூடும். ஃப்ரீசரில் நிரப்பி வைத்த கண்ணாடி பாட்டில் வெடிக்கிறதே, அதே விசைதான். குளிர்காலம் முழுக்க இது திரும்பத் திரும்ப நடந்து, விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக அகன்று, ஒருநாள் பாறை கழன்று விழுகிறது.

எல்லாப் பாறையும் ஒரே மாதிரி விழுவதில்லை. கோகோனினோ மணற்கல் கெட்டியானது, செங்குத்தாக நிற்கும். அதன் அடியில் இருக்கும் ஹெர்மிட் களிப்பாறை மென்மையானது, எளிதில் உதிரும். அடிப்பாறை அரிக்க அரிக்க மேல்பாறை பிடிமானம் இழந்து சரிகிறது. செங்குத்து, சரிவு, மறுபடி செங்குத்து என்று கேன்யன் சுவர் இறங்குவது இதனால்தான். பாலைவனமாக இருப்பதால்தான் அந்த விளிம்புகள் இவ்வளவு கூராக நிற்கின்றன. மழை அதிகமான ஊராக இருந்தால் மண்ணும் செடியும் மூடி எல்லாம் மழுங்கியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வடவிளிம்பு ஆற்றிலிருந்து மிகவும் தள்ளியிருக்கிறது, தென்விளிம்போ பக்கத்தில். நிலம் மொத்தமும் தெற்கு நோக்கிச் சாய்ந்திருப்பதே காரணம். வடக்கே விழும் பனியும் மழையும் கேன்யனுக்குள் வழிந்து சுவரைப் பின்னோக்கி அரிக்கின்றன. தெற்கே விழுவது பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கமாக ஓடிப்போகிறது. போதாததற்கு, வடவிளிம்பு 300 மீட்டர் உயரம் கூட, பனியும் அங்கே அதிகம்.

குளிர்காலத்தில் போவதில் ஒரு வசதி உண்டு. மார்ச் முதல் நவம்பர் வரை ஷட்டில் பஸ் மட்டுமே ஓடும், தென்விளிம்பை ஒட்டிய ஹெர்மிட் சாலையில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சொந்த வண்டியிலேயே போகலாம். அங்கே நின்று, சுவரின் நடுவே செந்நிறத்தில் ஓங்கி நிற்கும் ரெட்வால் சுண்ணாம்புக்கல்லைப் பாருங்கள். அதன் சொந்த நிறம் சாம்பல். மேலடுக்குகளிலிருந்து வழியும் இரும்புத்துருதான் அதற்குச் சிவப்பு பூசியிருக்கிறது. அந்தச் சிவப்புக்கு நடுவே வெளிர்சாம்பல் திட்டு தெரிந்தால், அங்கே பாறை பெயர்ந்து அதிக காலம் ஆகவில்லை என்று அர்த்தம்.