இறுதித் தேர்வில் எத்தனை எடுத்தால் போதும்?

"இதுவரைக்கும் என் சராசரி 72. மொத்தத்தில் 80 வந்தால்தான் நான் நினைத்த கிரேடு கிடைக்கும். இறுதித் தேர்வில் 88 எடுத்தால் போதுமா?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். 72-ஐயும் 88-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறார். இரண்டுக்கும் ஒரே வெயிட்டேஜ் என்றால் அது சரி. ஆனால் அவருக்கு முடிந்த பகுதி 40 சதவீதம், இறுதித் தேர்வு 60 சதவீதம்.

கணக்கு சின்னதுதான். 72-இல் 40 சதவீதம் 28.8, அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. 80-க்கு இன்னும் 51.2 வேண்டும். அதை 0.6-ஆல் வகுத்தால் 85.33.

இதே விடையை ஒரு ஸ்கேலும் ஐந்து நாணயங்களும் சொல்லிவிடும். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம். 30 செ.மீ. ஸ்கேலின் 15-வது கோட்டுக்கு அடியில் ஒரு பென்சிலை வையுங்கள். பட்டை வைத்த பென்சிலாக இருந்தால் உருளாது. பென்சில் இருக்கும் இடம்தான் 80. ஒரு சென்டிமீட்டர் ஒரு மதிப்பெண், ஒரு நாணயம் 20 சதவீதம். 72 இடப்பக்கம் 8 செ.மீ. தள்ளி, அதாவது 7-வது கோட்டில் வரும். அங்கே ஒரே மாதிரி நாணயங்கள் இரண்டை அடுக்குங்கள். ஸ்கேல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். சரி, இப்போது மீதி மூன்றையும் அடுக்கி வலப்பக்கத்தில் மெல்ல நகர்த்துங்கள். 20-ஐச் சற்றே தாண்டியதும் சாய்ந்த முனை மேசையைவிட்டு எழும்பும். பென்சிலிலிருந்து 5.33 செ.மீ. தூரம். 80-உடன் கூட்டிப் பாருங்கள்!

எடையையும் தூரத்தையும் பெருக்கினால் இருபுறமும் சமமாக வரவேண்டும் என்ற நெம்புகோல் விதியை ஆர்க்கிமிடீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். இரண்டு எட்டு 16, மூன்று 5.33-ம் 16. வெயிட்டேஜ் போட்ட சராசரி என்பது ஸ்கேல் சாயாமல் நிற்கும் புள்ளிதான். இயற்பியல் வகுப்பில் ஒன்றையும் கணக்கு வகுப்பில் மற்றொன்றையும் தனித்தனியாக நடத்துவது எனக்குப் பெரிய வருத்தம்.

இறுதித் தேர்வுக்கு 20 சதவீதம்தான் என்றால்? இடப்பக்கம் நான்கு நாணயம், வலப்பக்கம் ஒன்றே ஒன்று. அதை 32 செ.மீ. தள்ளி வைக்கவேண்டும்; அதற்குள் ஸ்கேலே முடிந்துவிடும். மதிப்பெண்ணில் அது 112. எந்த ராசியான பேனாவாலும் அதை எழுத முடியாது. இதைப் பருவம் தொடங்கும்போதே போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பேன், நாணயங்கள் இன்னும் கையில் இருக்கும்போதே.

அப்புறம், 85.33-ஐ 85 என்று குறைத்துக்கொள்ளாதீர்கள். 85 எடுத்தால் மொத்தம் 79.8, அதை 80 ஆக்குவார்களா என்பது அந்தந்த இடத்து விதி. 100-க்கு நடக்கும் தேர்வில் 86 வைத்துக்கொள்ளுங்கள். 150-க்கு நடந்தால் மிச்சமே இல்லாமல் 128.