செத்த ஆமைகளுக்கு நடுவே முட்டை தேடும் வேலை

2025 ஜனவரியில் சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டுக் கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி எனும் கடலாமைகள்) செத்து ஒதுங்கின. பல உடல்களில் கண் பிதுங்கியிருந்தது, கழுத்து வீங்கியிருந்தது. இழுவலையில் சிக்கி, மேலே வந்து மூச்செடுக்க முடியாமல் செத்ததற்கான அடையாளங்கள் இவை. இப்படி ஒரு பருவத்தில், ஆமைகளைக் காக்க இரவில் கரையில் நடக்கும் தன்னார்வலர்களுக்கு மனம் விட்டுப்போகும். அவர்களை மறுநாள் இரவும் வரவைக்க ஆறுதல் பேச்சு உதவாது. பலன் கண்ணுக்குத் தெரியும் ஒரு வேலையைக் கையில் கொடுக்க வேண்டும், அதைச் சரியாகச் செய்யவும் கற்றுத்தர வேண்டும்.

அந்த வேலை, ஆமை மணலில் இட்டுப்போன முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில், அதாவது வேலி கட்டிய பாதுகாப்பான இடத்தில், புதைத்துப் பொரியவைப்பது. சென்னையில் 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று இதைச் செய்துவருகிறது. வனத்துறையும் கடற்கரை நெடுகப் பொரிப்பகங்கள் நடத்துகிறது. கடலாமையும் அதன் முட்டையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருகின்றன. ஆகவே வனத்துறை அனுமதி இல்லாமல் முட்டையைத் தொடுவதே குற்றம். ஆர்வம் உள்ளவர்கள் அனுமதி பெற்ற குழுவோடு சேர்ந்துதான் நடக்க வேண்டும்.

பருவம் ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை. ஈர மணலில் ஆமை ஏறி இறங்கிய தடம் தெரியும். தடம் முடியும் இடத்தில் மெல்லிய கோலை மெதுவாக இறக்கிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் மணல் இறுகியிருக்கும், கோல் சட்டென்று இறங்கும் இடம்தான் கூட்டின் கழுத்து. அவசரப்பட்டு அழுத்தினால் முட்டை உடையும். கோலை எடுத்துவிட்டு, அங்கிருந்து கையால்தான் தோண்ட வேண்டும். கூடு ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழம், கழுத்து குறுகி அடிப்பக்கம் அகன்ற குடுவை வடிவம். நூறு முதல் நூற்றிருபது முட்டைகள் இருக்கும்.

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்புற உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினாலோ குலுக்கினாலோ கரு செத்துவிடும். வெளியே பார்த்தால் முட்டை நன்றாகவே இருக்கும், ஐம்பது நாள் கழித்துத்தான் வீணானது தெரியும். அதனால் அன்றிரவு இட்ட முட்டையை அன்றிரவே மாற்றிவிட வேண்டும். எடுத்த நிலை மாறாமல், கூட்டின் ஈர மணல் கொஞ்சத்தோடு துணிப்பையில் வைத்து, பை ஆடாமல் நடக்க வேண்டும். கையில் கொசு மருந்து, சானிடைசர் எதுவும் இருக்கக் கூடாது. பொரிப்பகத்தில் அளந்து பார்த்து அதே ஆழத்துக்கு, அதே வடிவத்தில் குழி வெட்டி, ஈர மணலை முதலிலும் காய்ந்த மணலை மேலேயும் போட்டு மூட வேண்டும். பொரிப்பகம் கடல் ஏறும்போதும் நீர் எட்டாத மேட்டில் இருக்க வேண்டும், நாய் நுழையாதபடி வேலி வேண்டும்.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. ஏறக்குறைய 29, 30 டிகிரிக்கு மேல் போனால் பெண் கூடும், கீழே போனால் ஆண் கூடும். 35ஐத் தாண்டிய சூடு நீடித்தால் கருவே பிழைக்காது. கோடை ஏறும்போது நிழல்வலை கட்டுவது இதற்காகத்தான். குழிக்குள் வெப்பமானி வைத்துத் தினமும் குறித்துவைப்பது நல்லது.

நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து நாளில் குஞ்சுகள் மணலைக் கிளறி மேலே வரும். முட்டை தேடி நடந்த அதே ஆட்களை அன்று கட்டாயம் கூப்பிடுங்கள். செத்த ஆமையை அளந்து எழுதியவர், தான் சுமந்த கூட்டிலிருந்து குஞ்சு வருவதைப் பார்க்க வேண்டும். கூட்டம் சேர்வதும் கூடவே ஆபத்து. தண்ணீர் நிரப்பிய வாளியில் குஞ்சை விடாதீர்கள். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருதான் அது முதல் நாள் முழுக்க நீந்துவதற்கான வலு, அதை வாளியிலேயே நீந்திச் செலவழித்துவிடும். நேரே அலையிலும் போட வேண்டாம். தண்ணீருக்குச் சில மீட்டர் முன்னால் மணலில் விட்டால் தானாக நடந்து போகும். பிளாஷ், டார்ச், செல்போன் வெளிச்சம் எதுவும் கூடாது, குஞ்சு வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் போகும். படம் எடுப்பதற்காக மாலை வரை பிடித்துவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதை விட்டுவிட வேண்டும்.

கூடு பொரிந்து இரண்டு மூன்று நாளில் குழியைத் தோண்டி வெற்று ஓடு, பொரியாத முட்டை, செத்த குஞ்சு எத்தனை என்று எண்ணிப் பதிவு செய்யுங்கள். எங்கே கை தவறியது என்று அந்தக் கணக்குதான் சொல்லும். புதிதாக வந்தவர்களிடம் ஒரு உண்மையை மறைக்காதீர்கள். விட்ட குஞ்சுகளில் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோதான் வளர்ந்து திரும்பும் என்பது ஆய்வாளர்கள் மதிப்பீடு. தெரிந்து செய்பவர்கள்தான் பல வருடம் நிற்கிறார்கள்.

பிழைத்துத் திரும்பும் அந்த ஆமையை வலையில் சாகவிட்டால் மேலே சொன்ன அத்தனையும் வீண். படகில் மயங்கிய ஆமை ஏறினால் செத்தது என்று உடனே கடலில் எறிந்துவிட வேண்டாம், மூழ்கிவிடும். வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பக்கத்தைப் பலகை வைத்து அரை அடியாவது உயர்த்தினால் நுரையீரல் நீர் வடியும். நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள், மூக்கை மட்டும் மூடாதீர்கள். கண்ணோரத்தையும் வாலையும் அவ்வப்போது மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். நாலு மணி நேரத்திலும் எழலாம், ஒரு நாள் வரையிலும் ஆகலாம். தெளிந்ததும் என்ஜினை நியூட்ரலில் வைத்து, வலை நீரில் இல்லாதபோது, படகின் பின்புறமாக மெல்ல இறக்கிவிடுங்கள். ஒரு பலகையும் ஒரு சாக்கும் போதும். அடுத்த பருவம் தொடங்குமுன், டிசம்பரிலேயே, உங்கள் ஊர் மீனவர் சங்கத்தில் இதைச் செய்துகாட்டச் சொல்லி வனத்துறையிடம் கேளுங்கள்.